சீர் நட்டு

எங்கள் ஊரில் சீர் நட்டுகள் எல்லாம், முறுக்கிய மச்சானின் கையைத் தவிர வேறு எந்தக் கைக்கும் கழல மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்த அந்தச் சித்திரைக்கு முன்னால், ஒட்டப்பாறையில் மச்சான்மாருக்கு இருந்த மரியாதை வழி தப்பி வாசலுக்கு வந்த நாய்க்கு இருக்கும் மரியாதையைவிட அதிகமில்லை. கல்யாணத்தில் ஒரு நாள், காது குத்தில் ஒரு நாள், எழவில் ஒரு நாள் என்று வந்து போவார்கள். மற்ற நாட்களில் அவர்கள் எங்கே இருந்தார்கள், என்ன தின்றார்கள் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

ஒட்டப்பாறை லாரி ஊர். கலப்பை பட்டால் தீப்பொறி பறக்கிற பாறைக்காடு என்பதால் எங்களுக்கு முந்தின தலைமுறையே காட்டை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டது. வசதியானவன் வீட்டில் மூன்று நான்கு லாரி, என்னைப் போன்றவன் வீட்டில் ஒன்று, அதுவும் இல்லாதவன் அடுத்தவன் லாரியில் டிரைவர் என்று ஊரே சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு முறை உண்டு. புது லாரி பாடி கட்டி வந்து, பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற நாளில், லாரிக்காரனின் பெண்டாட்டிக்கு அண்ணனோ தம்பியோ சீர்த்தட்டோடு வர வேண்டும். தட்டில் தேங்காய் பழம், வேட்டி துண்டு, அவற்றின் நடுவே மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்த ஒரு புது வீல் நட்டு. இடப்பக்க முன் சக்கரத்தில் ஒரு நட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சீர் நட்டை அவர் தன் கையாலேயே முறுக்க வேண்டும். மற்ற நட்டெல்லாம் கம்பெனி கொடுத்தது, இது பெண் கொடுத்த வீடு கொடுத்தது. அதற்குப் பிறகு டயர்க் கடைக்காரன் எத்தனையோ தடவை கழற்றுவான், மாட்டுவான். எல்லா நட்டையும் போல அதுவும் கழன்று, எல்லா நட்டையும் போல அதுவும் மாட்டிக்கொண்டு, யாரும் அதை நினைத்துப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் நின்றது மயில்சாமியின் லாரி. ஊர் முகப்பில் டயர்க் கடை வைத்திருந்த பாலக்காட்டுச் சுகுமாரன் மற்ற நட்டுகளைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டுவிட்டு, கடைசியாகச் சீர் நட்டில் ஸ்பேனரை வைத்தான். அது அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தான், சம்மட்டியால் சுற்றிலும் தட்டினான், ஸ்பேனரில் ஆள் உயர இரும்புப் பைப்பைச் சொருகி அதன் மேல் நாலு பேரை ஏற்றிக் குதிக்க வைத்தான். ஸ்பேனர் வெள்ளரிப் பிஞ்சு போல வளைந்ததே தவிர நட்டு இருந்த இடத்தில் இருந்தது. வெல்டிங் பட்டறையிலிருந்து கேஸ் சிலிண்டரைக் கொண்டுவந்து தீயைக் காட்டினார்கள். நட்டின் மேல் பட்டதும் அந்த நீலத் தீ பொங்கல் பானைக்கு அடியில் எரிகிற தீயைப் போலச் சாதுவாகிவிட்டது. இத்தனை வருசத்துக்குப் பிறகும் மரை ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய மஞ்சள்கூடக் கருகவில்லை. "இது நட்டில்லை அண்ணே, மலையாக்கும்," என்று சுகுமாரன் கையைத் துடைத்துக்கொண்டான். அன்று சாயங்காலத்துக்குள் அவன் கடை வாசலில் அதே மாதிரி லாரிகள் வரிசை கட்டி நின்றன.

மறுநாள் மயில்சாமியின் மச்சான் ஏதோ பத்திரிகை வைக்க வந்தவர், வீட்டில் ஆள் இல்லாமல் டயர்க் கடைக்கு வந்தார். மயில்சாமி வாயில் டீயோடு, வாங்க மச்சான், நம்ம பொழப்பைப் பாருங்க என்று காட்டினான். நான் போட்ட நட்டுதானே, தள்ளுங்க என்று அவர் சும்மா விளையாட்டுக்குக் குனிந்து, ஸ்பேனர்கூட இல்லாமல் விரலால் திருக, நட்டு மூக்குப்பொடி டப்பா மூடியைப் போலச் சுழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. அங்கே நின்றவர்கள் ஆச்சரியப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. சுகுமாரன் அடுத்த லாரியின் பக்கம் திரும்பி, இந்த வண்டிக்கு மச்சான் யாரு என்று கேட்டான். அன்றிலிருந்து அவன் கடையில் டயர் என்ன சைஸ் என்பதற்கு முன்னால் கேட்கப்படும் கேள்வி அதுதான்.

அதற்குப் பிறகு ஒட்டப்பாறைக்கு மச்சான்மார் வர ஆரம்பித்தார்கள். பஸ்ஸில் வந்தார்கள், மொபெட்டில் வந்தார்கள், சூரத்தில் துணி மில்லில் இருந்த ஒருவர் சொந்தத் தலையணையோடு ரயிலில் வந்து இறங்கி ஒரு மாதம் தங்கினார். காற்றாடிக்கு நேர் கீழே பாய் அவர்களுக்கு, நாட்டுக்கோழிக் குழம்பில் ஈரல் அவர்களுக்கு, குளிக்க வெந்நீர் அவர்களுக்கு என்று ஆயிற்று. பெண்கள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அண்ணன் வந்திருக்கான் என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லும்போதே அவர்கள் குரல் ஒரு படி ஏறி நின்றது. தூர லோடுக்குப் போகிறவர்கள் மச்சானையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேபினில் ஜன்னலோர இடத்துக்கு மச்சான் சீட்டு என்றே பெயர் வந்துவிட்டது. செக்போஸ்ட்டில் நிறுத்தினால், ஆர்சி புக் இருக்கா, இன்சூரன்ஸ் இருக்கா, மச்சான் இருக்காரா என்று கேட்கிற அளவுக்குப் போயிற்று. மச்சான் செத்துப்போன ஒருவன் லாரியை விற்றுவிடலாம் என்று இருந்தபோது, ஈரோட்டில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த அந்தச் செத்தவரின் மகள் ஞாயிற்றுக்கிழமை வந்து, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நட்டைத் தொட்டாள். அப்பன் கை என்றே நினைத்ததோ என்னவோ, நட்டு அவளுக்குக் கழன்றது, அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதாள், லாரிக்காரனும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

ஆனால் எல்லோருக்கும் அது சுலபமாக இருக்கவில்லை. ஏனென்றால் ஒட்டப்பாறையில் பாதிப் பேர் மச்சானோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அப்படி ஒருவன் தன் மச்சானைச் சந்தையிலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து லாரி முன்னால் நிறுத்தினான். அவர் கை வைத்தார், நட்டு அசையவில்லை. முறுக்கிய கை இதுதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அப்போது அவன் பெண்டாட்டி, மனுசனை வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா என்றாள். அவன் வேறு வழியில்லாமல் கேட்டான், நட்டு கழன்றது. அதன் பிறகு ஊர் கொஞ்சம் கொஞ்சமாகச் சோதித்துத் தெரிந்துகொண்டது: அந்த வார்த்தை லாரிக்காரன் வாயிலிருந்து வர வேண்டும், பெண்டாட்டி சொன்னால் பற்றாது, போனில் சொன்னால் பற்றாது, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் 'வாங்க' என்பது சும்மா வார்த்தை இல்லை. எதிரில் வந்தவரைப் பார்த்து முதலில் வாங்க என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. காட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்கள் ஒன்று சேர்ந்து நான் பார்த்திருக்கிறேன், வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை என்பதற்காகப் பிரிந்தவர்கள் சேர்ந்து பார்த்ததில்லை. அதனால் சிலர் தலையைக் குனிந்து ஒரே ஒரு முறை அந்த வார்த்தையைச் சொல்லி, நட்டைக் கழற்றியதும் அதைக் கிணற்றில் வீசிவிட்டு, கடை நட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, இனி எவன் தயவும் வேண்டாம் என்று போனார்கள். அவர்கள் லாரி ஓடியது. அவர்கள் வீட்டில் பெண்டாட்டி வைத்த ரசத்துக்கு உப்பு இல்லாமல் போயிற்று.

நான் அந்தப் பாதியில் சேர்ந்தவன். என் மச்சான் அர்த்தநாரி, என் பெண்டாட்டி பாவாயியின் கூடப் பிறந்த அண்ணன், என் லாரிக்குச் சீர் நட்டு முறுக்கியவர், தாராபுரம் ரோட்டில் கருக்கம்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அவர் புது வீடு கட்டிப் புண்ணியார்ச்சனை வைத்த அன்று, கஞ்சி போட்ட சட்டை போட்டு, என் இடுப்பு உயரக் குத்துவிளக்கு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போனேன்; பாவாயி அன்று வீட்டுக்கு விலக்கு. பந்தல் வாசலில் அவர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். எனக்கு முன்னால் போனவனை வாங்க என்றார், எனக்குப் பின்னால் வந்த டிராக்டர் மெக்கானிக்கை வாங்க என்றார், வாழை இலைக் கட்டுக்காரனைக்கூட வாங்க என்றார். நடுவில் நின்ற என் முகத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சமையல்காரனிடம் ஏதோ சொல்லத் திரும்பிக்கொண்டார். விளக்கின் கனத்தில் தோள் மரத்துப் போகும் வரை நின்றேன். பிறகு அதே விளக்கோடு பஸ் ஏறினேன். பாவாயியை அங்கே போகக் கூடாது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. போய்விட்டு வந்தால் எங்கே போனாய் என்று கேட்க மாட்டேன், அவ்வளவுதான் சொன்னேன். அவள் போகவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. அன்று வீட்டிலேயே இருந்து, அரிசி மூட்டை முழுவதையும் பிரித்துக் கல் பொறுக்கினாள்.

ஆக, ஊரில் நட்டுகள் இறுகிப்போனபோது என் லாரி மட்டும் சுகுமாரன் கடையில் நிற்கவில்லை. நிற்காதபடி ஓட்டினேன். இடப்பக்க முன் டயரைக் கைக்குழந்தையைத் தூக்கிப் போவது போலக் கொண்டுபோனேன். குழி வந்தால் ஊர்ந்தேன், ஜல்லி கொட்டியிருந்தால் இறங்கி ஒதுக்கினேன், பள்ளிக்கூடம் கட்டுகிற இடம், பந்தல் பிரிக்கிற இடம், ஆணி கிடக்கும் என்று தோன்றிய எந்த இடத்துக்கும் வண்டியை விடவில்லை. இந்த ஆளோடு கிளீனராகப் போனால் ரோட்டைக் கூட்டத்தான் வேண்டும் என்று யாரும் வராததால் பாவாயியே சோற்றுத் தூக்குப் போசியோடு ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவளும் இறங்கிக் கல் பொறுக்கினாள். கருக்கம்பட்டி வழியாகப் போனால் சீக்கிரம் போய்ச் சேர்கிற லோடுக்கெல்லாம் நான் சுற்றுவழியில் போனேன்; அவள் ஏன் என்று கேட்டதில்லை. டயர் தேய்ந்து மொட்டையாகி உள்ளே கேன்வாஸ் எட்டிப் பார்த்தது. காற்றுப் பிடிக்கப் போகும்போதெல்லாம் சுகுமாரன் அதைத் தடவிப் பார்ப்பான், பிறகு என் முகத்தைப் பார்ப்பான், காற்றைப் பிடித்து அனுப்புவான்.

அடுத்த வருசம் வைகாசி பிறந்தும் வெயில் இறங்காத ஒரு நாளில் எனக்குக் கோழிக்குஞ்சு லோடு வந்தது. முட்டையை உடைத்து வெளியே வந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள், ஓட்டை போட்ட பெட்டிகளில் அடுக்கடுக்காக, உடுமலைப் பக்கத்துப் பண்ணைக்கு. வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், வண்டி ஓடிக்கொண்டே இருந்தால்தான் பெட்டிக்குள் காற்றுப் போகும், நின்றால் வெந்துவிடும் என்று குஞ்சுப் பண்ணைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இந்த லோடு கெட்டால் அதற்குப் பிறகு எனக்கு எவனும் லோடு கொடுக்க மாட்டான், லாரியைக் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டியதுதான் என்பதை அவர்கள் சொல்லவில்லை, எனக்கே தெரியும். அன்றைக்குப் பார்த்து ஏற்றுகிற இடத்தில் தாமதமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் கருக்கம்பட்டி ரோட்டைப் பிடித்தேன்.

பின்னால் குஞ்சுகளின் சத்தம் மழை பெய்கிற மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கருக்கம்பட்டிப் பிரிவு நெருங்கியது. இடப்பக்கம் தோப்பு, தோப்புக்குள் அந்த வீடு, எனக்குத் தெரியும். பார்க்கக் கூடாது என்று முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அந்த ஒரு கணத்தில்தான், அத்தனை நாள் நான் குனிந்து பொறுக்கிய கல்லையெல்லாம் சேர்த்து வைத்தது போல ஒரு கல், இடப்பக்கச் சக்கரத்துக்கு அடியில் வந்தது. டயர் வெடித்த சத்தத்தில் தோப்பிலிருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின. வண்டியை ஒரு புளியமரத்துக்குக் கீழே எப்படியோ கொண்டுபோய் நிறுத்தினேன். நிறுத்தியதும் குஞ்சுகளின் சத்தம் மாறியது.

ஜாக்கியைப் போட்டேன், கம்பெனி நட்டுகளையெல்லாம் கழற்றினேன். சீர் நட்டு மட்டும் நின்றது. அது கழலாது என்று தெரிந்தும் ஸ்பேனரை வைத்தேன், பைப்பைச் சொருகினேன், ஏறி நின்றேன், உள்ளங்கைத் தோல் உரிந்தது. பாவாயி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பிரிவுப் பாதையில் நடக்க ஆரம்பித்தாள்.

"எங்கே போறே?" என்றேன். அதுவரை அந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டதில்லை.

"எங்கண்ணனைக் கூட்டியார," என்றாள். "உங்க ரோசம் குஞ்சுகளுக்குத் தெரியுமாக்கும்?"

அவள் கூட்டிவந்தது அண்ணனை மட்டுமில்லை, ஊரையே. முதலில் பெண்கள் வந்தார்கள், குடத்தில் தண்ணீரோடு, கையில் நனைத்த சாக்கோடு. என்னைத் தாண்டிப் போகும்போது ஒவ்வொருத்தியும் வாங்க மாப்பிள்ளை, வாங்கண்ணா, வாங்க தம்பி என்று கேட்டுவிட்டே போனாள். இத்தனை வருசத்து வாங்க எல்லாம் ஒரே நாளில் என் தலைமேல் கொட்டியது போல இருந்தது. லாரி மேல் ஏறிப் பெட்டிகளைக் கைமாற்றிக் கைமாற்றி நிழலுக்கு இறக்கினார்கள். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்கள், சாக்குத் தீர்ந்ததும் சேலைகளை நனைத்துப் பிடித்தார்கள், விசிறி இல்லாதவர்கள் முறத்தால் விசிறினார்கள். அந்தப் பெண்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இப்போதும் ஈரத்துணி வாசம் வந்தால் நான் நின்று கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கடைசியாக அர்த்தநாரி வந்தார். என் கோபத்துக்குள்ளே இருந்த அர்த்தநாரி கட்டுமஸ்தான ஆள், கறுத்த மீசை, பந்தலை அடைத்துக்கொண்டு நிற்பவர். வந்தவர் முடி கொட்டி, முழங்கை எலும்பு தெரிய, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். இத்தனை நாள் நான் ஆள் மாறி யாரையோ திட்டிக்கொண்டிருந்தது போல ஒரு நிமிசம் எரிச்சல்கூட வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சக்கரத்திடம் போய்க் குனிந்தார், நட்டில் விரலை வைத்தார், திருகினார். நட்டு அசையவில்லை.

கருக்கம்பட்டிக்காரர்களுக்கும் சேதி தெரியும். மாப்பிள்ளை இன்னும் வாங்கன்னு கேக்கலை என்று ஒருவர் முணுமுணுத்தார். உடனே அங்கே ஒரு பஞ்சாயத்தே தொடங்கிவிட்டது. லாரி மாப்பிள்ளையுடையது, லாரி என்பது லாரிக்காரனுக்கு வீடு, வீட்டுக்காரன்தான் வந்தவரைக் கேட்க வேண்டும் என்றது ஒரு பக்கம். லாரி நிற்கிறது நம் ஊர் எல்லையில், மண் நம்முடையது, வந்து நிற்பவர் அவர், நாம்தான் கேட்க வேண்டும், அர்த்தநாரி முதலில் கேட்டால்தான் முறை என்றது இன்னொரு பக்கம். புளியமரம் யாருக்குச் சொந்தம் என்று ஒருவர் விசாரிக்க ஆரம்பித்தார். அர்த்தநாரி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த இரண்டாவது பக்கத்தின் பேச்சு நியாயமாகப் பட்டது. மண் அவருடையது. அன்றைக்குப் பந்தலும் அவருடையதுதான். வெயில் மரத்தின் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வந்தது. நிழல் ஒதுங்க ஒதுங்கப் பெண்கள் பெட்டிகளை நகர்த்தினார்கள். மழை போலக் கேட்ட சத்தம் தூறலாகிவிட்டிருந்தது.

பாவாயி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நல்லா நில்லுங்க ரெண்டு பேரும்," என்றாள். "குஞ்சுக சாகட்டும். செத்த பொறவு ஆளுக்கொரு மம்முட்டி எடுத்துட்டு வந்து பொதைங்க. குழி எங்கே வெட்டறதுன்னாவது அப்பப் பேசித்தானே ஆகணும்?"

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மடியிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து என் உள்ளங்கையில், தோல் உரிந்த இடத்தில் வைத்தாள். மஞ்சள் பஞ்சு போல இருந்தது. வாயைத் திறந்தபடி, சத்தம் வராமல், திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சு துடிப்பது என் கையில் தெரிந்தது, கையிலிருந்து எனக்குள்ளே எங்கேயோ போய்த் தெரிந்தது. பாவாயியை நிமிர்ந்து பார்த்தேன். அவள் குஞ்சையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தோப்புக்குள் ஓடு தெரிந்த அந்த வீட்டை, கூப்பிடப் போனபோதும் தான் உள்ளே கால் வைக்காத அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வார்த்தை என் தொண்டையில் எத்தனை வருசமாக மரை பிடித்துக் கிடந்ததென்று சொல்லும்போதுதான் தெரிந்தது. அது வருகிற வழியெல்லாம் உராய்ந்தது.

"வாங்க மச்சான்," என்றேன். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அர்த்தநாரி நிமிர்ந்தார். பிறகு, எங்கள் பக்கத்தில் சொல்ல வேண்டிய பதிலை, பந்தியில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

"வந்தனுங்க மாப்பிள்ளை."

குனிந்து விரலை வைத்தார். இடப்பக்கச் சக்கரத்துக்கு மரை எதிர்ப்பக்கம், கோயிலைச் சுற்றுவது போல வலமாகச் சுற்றினால்தான் கழலும். நட்டு வலமாகச் சுற்றியது. சத்தமே இல்லாமல், வெண்ணெயில் திருகுவது போல, சுற்றிச் சுற்றி அவர் கையில் வந்து உட்கார்ந்தது. மரை ஓரத்தில் மஞ்சள் அப்படியே இருந்தது. ஒருத்தரும் கை தட்டவில்லை. ஸ்டெப்னியை உருட்டிட்டு வாங்கப்பா என்று யாரோ சொன்னார்கள், ஆட்கள் ஓடினார்கள்.

வெடித்த டயர் இறங்கியது, ஸ்டெப்னி ஏறியது. பெட்டிகள் மறுபடி கைமாறி லாரிக்கு ஏறிக்கொண்டிருந்தன. ஓரத்துப் பெட்டிகளில் சில குஞ்சுகள் போய்விட்டன; பாவாயி அவற்றைத் தனியாக எடுத்து மரத்தடியில் வைத்தாள். மற்றவை இருந்தன. என் கையில் இருந்ததும் இருந்தது, தண்ணீர்ச் சொட்டு ஒன்று மூக்கில் பட்டதும் தலையை உதறிக்கொண்டு என்னைக் கொத்தியது. அதை நான் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

கம்பெனி நட்டுகளையெல்லாம் நானே முறுக்கினேன். ஓர் இடம் மட்டும் காலியாக நின்றது. டூல்ஸ் பெட்டியில் எல்லா லாரியையும் போல என் லாரியிலும் கடை நட்டு ஒன்று உபரியாகக் கிடந்தது. அதை எடுத்தேன். ஏற்றிக்கொண்டிருந்த பெட்டிகள் அந்தந்தக் கையிலேயே நின்றன. அர்த்தநாரி சீர் நட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தார், அதை என்னிடம் கொடுப்பதா, வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு போய்விடுவதா என்று தெரியாதவர் போல. பாவாயி திரும்பிப் பெட்டிகளை எண்ணுவது போலப் பாவனை செய்தாள். அவளுக்கு எண்ணிக்கை வராது.

அந்தப் பந்தலில் என்னை ஏன் வாங்க என்று கேட்கவில்லை என்று அவர் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கோபம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வயசான காலத்தில் நான் சம்பாதித்தது என்று இருப்பதில் அதுவும் ஒன்று. ஆனால் கோபம் ஒரு பக்கம் இருக்க, நன்றி இன்னொரு பக்கம் இருக்க இடம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கு முன்னால் தெரியாது. ஒரு லாரியில் மேலே லோடும் கேபினில் ஆளும் போவது போல இரண்டும் ஒன்றாகவே போகின்றன. அந்த வெயிலில் அவர் நடந்து வந்தார். கூப்பிட்டதும் வந்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

கடை நட்டைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டேன். ஸ்பேனரை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"நீங்களே போடுங்க மச்சான்."

அவர் ஸ்பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மண்டி போட்டு உட்கார்ந்து, நட்டைத் தோள் துண்டால் துடைத்து, மரையில் பொருத்தி, முதலில் விரலால் சுற்றினார். ஸ்பேனரை மாட்டி அழுத்தியபோது அது பாதிச் சுற்றில் நின்றது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனரின் மறுமுனையைப் பிடித்தேன், அவர் பிடியில் என் கை படாமல். பையிலிருந்த குஞ்சு எட்டிப் பார்த்துக் கத்தியது.

"போதுங்களா மாப்பிள்ளை?" என்றார்.

"இன்னொரு சுத்துப் போடுங்க," என்றேன். "எவனாலயும் கழட்ட முடியக் கூடாது."